வாடகைப் பக்கமும் சொந்தப் பெயரும்

"டொமைன் எல்லாம் பழைய காலம் சார். இப்ப யாரு வெப்சைட் பேரை டைப் பண்றாங்க? கூகுள் மேப்ல கம்பெனி வருது, வாட்ஸ்அப்ல கேட்லாக் இருக்கு, ஃபேஸ்புக்ல பேஜ் இருக்கு. வருஷா வருஷம் காசு கட்டி ஒரு பேரை வெச்சுக்கிட்டு என்ன பண்றது?"

புதுச்சேரியின் சேதராப்பட்டு தொழிற்பேட்டையில் எந்தச் சின்ன யூனிட்டில் பேச்சுக் கொடுத்தாலும் இந்தப் பதில் கிடைக்கும். மயிலம் சாலையை ஒட்டிய தெருக்களில் கேட்டுக்குக் கேட்டு பெயர்ப்பலகை இருக்கிறது. கம்பெனி பெயர் கொட்டை எழுத்தில், அதன் கீழே பெரும்பாலும் ஒரு ஜிமெயில் முகவரி. இந்தக் கருத்து சேதராப்பட்டோடு நிற்பதில்லை. சென்னையில் மார்க்கெட்டிங் ஆலோசகர்கள் இதையே சொல்கிறார்கள், தொழில் பத்திரிகைகளும் எழுதுகின்றன. சொந்த இணையப் பெயரின் காலம் முடிந்துவிட்டது, பக்கமும் போன் நம்பரும் போதும் என்பது இன்று ஏறக்குறைய எல்லோரும் ஒப்புக்கொண்ட முடிவு. அது தவறான முடிவு. பெரிய கம்பெனிக்கு அதனால் வரும் நட்டம் சிறிது. முப்பது பேரை வைத்து வார்ப்புப் பட்டறையோ பிளாஸ்டிக் மோல்டிங்கோ நடத்துகிறவருக்குத்தான் அது அதிகமாக வலிக்கும். அதனால்தான் இதை எழுதுகிறேன்.

அவர்கள் சொல்வதில் ஒரு பாதி உண்மை. பெயரை எழுத்துக்கூட்டி அடிப்பவர்கள் குறைந்துவிட்டார்கள். ஆனால் அடிக்கவில்லை என்பதால் பெயர் இல்லாமல் போய்விடவில்லை. இணையப் பக்கத்துக்கான க்யூஆர் கோடை ஸ்கேன் செய்தால் அதற்குள் இருப்பது ஒரு டொமைன் முகவரி. கூகுளில் தேடி விரலால் தொடுவதும் ஒரு டொமைன் முகவரியைத்தான். வாட்ஸ்அப்புக்கே அடியில் டொமைன் பெயர்கள் இருக்கின்றன. 2021 அக்டோபர் 4ஆம் தேதி இதை உலகமே பார்த்தது. பேஸ்புக் தன் வலையமைப்பில் செய்த ஒரு பராமரிப்பு வேலையில் பிழை நேர்ந்து, அந்த நிறுவனத்தின் பெயர்களுக்கு விடை சொல்லும் சர்வர்களை வெளியிலிருந்து யாராலும் எட்ட முடியாமல் போனது. பேஸ்புக், இன்ஸ்டாகிராம், வாட்ஸ்அப் மூன்றும் ஏறக்குறைய ஆறு மணி நேரம் உலகெங்கும் முடங்கின. கட்டடங்களும் கணினிகளும் அப்படியே இருந்தன. அவற்றின் பெயரைச் சொன்னால் வழிகாட்ட ஆள் இல்லை.

பெயர் எதற்காக வந்தது என்று பார்த்தால் அதன் மதிப்பு எங்கே இருக்கிறது என்பது தெரியும். 1980களின் தொடக்கம் வரை, இணையத்தின் முன்னோடியான அர்ப்பாநெட்டில் இருந்த கணினிகளின் பெயரும் எண்ணும் ஒரே ஒரு கோப்பில் இருந்தன. கலிபோர்னியாவின் எஸ்ஆர்ஐ ஆய்வு நிறுவனத்தில் எலிசபெத் ஃபைன்லரின் குழு அதைப் பராமரித்தது. ஒரு கணினி புதிதாக வந்தாலோ இடம் மாறினாலோ அவர்களிடம் சொல்லிப் பதிய வேண்டும். மற்ற எல்லோரும் கோப்பை மறுபடி மறுபடி நகலெடுத்துக்கொள்ள வேண்டும். வலை பெருகப் பெருக இது தாங்கவில்லை. 1983இல் ஜான் போஸ்டல் கேட்டுக்கொண்டதன் பேரில் பால் மொக்கபெட்ரிஸ் இன்றைய டொமைன் பெயர் அமைப்பை வடிவமைத்தார். அதன் அடிப்படை எளிமையானது. எண் மாறலாம், இயந்திரம் மாறலாம், ஊர் மாறலாம், பெயர் மட்டும் மாறாமல் நிற்கும். இன்னொன்றும் உண்டு. ஒரு பெயர் உங்களிடம் வந்துவிட்டால் அதற்குக் கீழே எத்தனை பெயர் வேண்டுமானாலும் நீங்களே வைத்துக்கொள்ளலாம். கொள்முதலுக்கு ஒன்று, கணக்குப் பிரிவுக்கு ஒன்று, ஏற்றுமதிக்கு ஒன்று. யாரிடமும் அனுமதி கேட்க வேண்டாம். பேஸ்புக் பக்கத்தில் இந்த அதிகாரத்தில் துளியும் கிடையாது.

முதல் டாட் காம் பெயர் 1985 மார்ச் 15ஆம் தேதி பதிவானது. சிம்பாலிக்ஸ் என்ற அமெரிக்கக் கணினி நிறுவனத்தின் பெயர் அது. நிறுவனம் பின்னாளில் நொடித்துப் போனது. அது செய்த கணினிகள் இன்று அருங்காட்சியகப் பொருள்கள். பெயர் 2009இல் வேறொருவருக்கு விற்கப்பட்டு இன்றும் உயிரோடு இருக்கிறது.

இந்தியாவில் கதை வேறு மாதிரி போனது, இன்றைய அலட்சியத்தின் வேரும் அங்கேதான் இருக்கிறது. டாட் இன் என்ற நாட்டுக் குறியீடு நமக்கு 1989லேயே கிடைத்துவிட்டது. ஆனால் விதிகள் அவ்வளவு இறுக்கம். 2004 முடியும்வரை மொத்தம் ஏறக்குறைய 7,000 பெயர்கள்தான் பதிவாயின. டாட் காம் வாங்கவோ பெரும்பாலும் டாலரில் கட்ட வேண்டும், அதற்குக் கிரெடிட் கார்டு வேண்டும். 2005 தொடக்கத்தில் அரசு விதிகளைத் தளர்த்தி டாட் இன்னை எல்லோருக்கும் திறந்துவிட்டபோது காலம் கடந்திருந்தது. முந்தைய ஆண்டே ஜிமெயில் வந்துவிட்டது, பேஸ்புக் பிறந்துவிட்டது. அமெரிக்காவிலும் ஐரோப்பாவிலும் சின்னக் கடைக்காரர்கூடப் பெயரை வைத்துப் பழகி, அதன் பிறகு பக்கங்களைச் சேர்த்துக்கொண்டார். நம் சிறுதொழில் உரிமையாளர் பெயர் என்ற படியை மிதிக்காமலேயே இலவச மெயிலுக்குப் போனார். ஆகவே "டொமைன் தேவையில்லை" என்பதை அனுபவத்தில் கண்ட முடிவு என்று ஏற்க முடியாது. வைத்துப் பார்க்காதவர்கள் சொல்வது அது. இன்று டாட் இன் பெயர்கள் 30 லட்சத்தைத் தாண்டிவிட்டன. தேவையில்லாத ஒன்றுக்கு இத்தனை பேர் ஆண்டுதோறும் பணம் கட்டுவதில்லை.

பக்கம் போதும் என்று நமக்குச் சொல்லிக்கொடுத்த நிறுவனங்கள் தங்கள் விஷயத்தில் என்ன செய்தன என்பதையும் பார்க்க வேண்டும். பேஸ்புக் இரண்டே எழுத்துள்ள எஃப்பி டாட் காம் பெயரை அமெரிக்க விவசாயிகள் கூட்டமைப்பிடமிருந்து 85 லட்சம் டாலருக்கு 2010இல் வாங்கியது. டெஸ்லா மோட்டார்ஸ் தன் பெயரிலிருந்து மோட்டார்ஸை விலக்கி வெறும் டெஸ்லா டாட் காம் பெற 10 ஆண்டுகளும் 1 கோடியே 10 லட்சம் டாலரும் ஆயின என்று எலான் மஸ்க் சொன்னார். கரீபியன் கடலில் அங்கில்லா என்ற சின்னத் தீவுக்கு ஏஐ என்ற இரண்டு எழுத்துக் குறியீடு தற்செயலாக வாய்த்தது. செயற்கை நுண்ணறிவு அலையில் அந்தப் பெயர்களை விற்றே 2023இல் அந்தத் தீவு 3 கோடி டாலருக்கு மேல் ஈட்டியது. தீவு அரசின் வருவாயில் அது ஐந்தில் ஒரு பங்கு.

இந்தச் செய்திகளே இன்னொரு மயக்கத்தையும் உண்டாக்கின என்பதை மறைக்க வேண்டியதில்லை. 1999இல் பிசினஸ் டாட் காம் 75 லட்சம் டாலருக்கு விலைபோனதும், பெயர் என்றால் வாங்கிப்போட்டு விற்கும் மனை என்ற எண்ணம் பரவியது. நம் ஊரிலும் பலர் பெயர்களை வாங்கி அடுக்கினார்கள், கேட்க ஆள் வரவில்லை, சில வருடம் கட்டிவிட்டு விட்டார்கள். அந்த ஏமாற்றத்திலிருந்துதான் "டொமைன் செத்துப்போச்சு" என்ற பேச்சு வலுப்பெற்றது. வாங்கிப்போட்டதால் மட்டும் மதிப்பு ஏறாது என்பதைச் சேதராப்பட்டுக்காரர்களுக்கு யாரும் விளக்க வேண்டியதில்லை. சிறப்புப் பொருளாதார மண்டலம் வரும் என்று சொல்லி சேதராப்பட்டு, கரசூர் பகுதியில் கையகப்படுத்திய நூற்றுக்கணக்கான ஏக்கர் ஆண்டுக்கணக்கில் வெறுமனே கிடந்ததை அவர்கள் கண்முன் பார்த்திருக்கிறார்கள். அதே சாலையில் கொட்டகை போட்டு இயந்திரம் ஓட்டிய மனை சோறு போட்டது. பெயரும் அப்படித்தான். புழங்கப் புழங்கத்தான் அதற்கு மதிப்பு.

அப்படிப் புழங்கிய பெயருக்கு என்ன மதிப்பு என்பதை நம் பக்கத்துச் சென்னைக் கம்பெனி ஒன்று உச்ச நீதிமன்றம் வரை போய் நிறுவியது. அந்த வழக்கு இன்னும் பரவலாகத் தெரிந்திருக்க வேண்டும். சத்யம் இன்ஃபோவே, சென்னையைத் தலைமையிடமாகக் கொண்ட இணையச் சேவை நிறுவனம். 1999 அக்டோபரில் அமெரிக்காவின் நாஸ்டாக் பங்குச் சந்தைக்குப் போனது. அடுத்த மாதமே ராஜேஷ் ஜெயினின் இந்தியாவேர்ல்டை வாங்க 499 கோடி ரூபாய்க்கு ஒப்பந்தம் போட்டது. கோஜ், சமாச்சார், கேல், பாவர்ச்சி என்று மக்கள் நாவில் நிற்கும் பெயர்கள் கொண்ட இணையதளங்களுக்காகக் கொடுத்த விலை அது. சில மாதங்களில் டாட் காம் குமிழி உடைந்தபோது அந்த விலையைப் பைத்தியக்காரத்தனம் என்றார்கள். விலை அதிகம்தான். ஆனால் அந்த நிறுவனத்தின் நிலையான சொத்து வேறொன்று. சத்யம், இன்ஃபோவே என்ற இரண்டு சொற்களிலிருந்தும் எழுத்தெடுத்துக் கோத்த சிஃபி என்ற பெயர். 1999 ஜூனிலேயே சிஃபிநெட், சிஃபிமால் என்று பல டொமைன்களைப் பதிந்திருந்தார்கள்.

2001 முதல் வேறொரு நிறுவனம் ஒரே ஓர் எழுத்தைக் கூட்டி சிஃப்ஃபிநெட் என்ற பெயரில் இணையத்தில் இறங்கியது. எங்கள் நிறுவனர்களின் பெயர் முதலெழுத்துகளிலிருந்து வந்த பெயர் இது என்று வாதிட்டது. பெங்களூரு சிவில் நீதிமன்றம் தடை கொடுத்தது. கர்நாடக உயர் நீதிமன்றம் இரண்டு பேரின் தொழிலும் வேறு என்பது போன்ற காரணங்களைச் சொல்லித் தடையை நீக்கியது. 2004 மே 6ஆம் தேதி உச்ச நீதிமன்றத்தில் நீதிபதிகள் ரூமா பால், வெங்கடராம ரெட்டி அமர்வு சென்னைக் கம்பெனி பக்கம் தீர்ப்பளித்தது. டொமைன் பெயர் வெறும் விலாசம் அல்ல, வணிகப் பெயருக்குள்ள தன்மைகள் அதற்கு உண்டு, அதைப் போலவே காக்கப்பட வேண்டும் என்றது நீதிமன்றம். டொமைனுக்கென்று தனிச் சட்டம் நம் நாட்டில் இல்லை. இருந்தும், ஒருவர் சரக்கை இன்னொருவர் சரக்காகக் காட்டி விற்பதைத் தடுக்கும் நெறியின் கீழ் அதற்குப் பாதுகாப்பு உண்டு என்று அன்று உறுதியானது. கம்பெனியும் தன் பெயரையே சிஃபி என்று மாற்றிக்கொண்டது.

"எங்க பேஜ் பேரையும் யாராவது காப்பி அடிச்சா கேஸ் போடலாமே" என்பார்கள். போடலாம். ஆனால் பக்கத்தையே மூடிவிட்டால்? அந்தப் பக்கம் என்னுடையது என்று கேட்க நீங்கள் ஒப்புக்கொண்ட விதிமுறைகளிலேயே இடம் கிடையாது. மூடுவார்களா என்று சந்தேகம் இருப்பவர்கள் தமிழ் இணையத்தின் சொந்த வரலாற்றைப் பார்க்கலாம். 1990களின் கடைசியில் தமிழர்கள் ஆசையாசையாய்க் கட்டிய வீட்டுப் பக்கங்கள் பல ஜியோசிட்டிஸில் இருந்தன. இலவசம் என்பதே காரணம். 2009 அக்டோபரில் யாஹூ அதை மூடியது. மரத்தடி, ராயர் காப்பி கிளப், அகத்தியர் என்று யாஹூ குழுமங்களில் எத்தனை இலக்கியச் சண்டை, எத்தனை யாப்பு வகுப்பு, எத்தனை பேரின் முதல் கதை! 2019 கடைசியில் குழுமங்களின் சேமிப்பை அழிக்கப் போவதாக அறிவித்தார்கள், 2020 டிசம்பரில் குழுமமே முடிந்தது. சில நண்பர்கள் முன்கூட்டியே எடுத்து வைத்ததுதான் மிச்சம். அதே 2020இல் ஜூன் 29ஆம் தேதி இரவு டிக்டாக் உள்ளிட்ட 59 செயலிகளுக்கு மத்திய அரசு தடை விதித்தது. தடை சரியா தவறா என்பது இங்கே கேள்வி இல்லை. அந்தச் செயலியில் மட்டுமே முகம் காட்டி வியாபாரம் வளர்த்த பையன்களும் பெண்களும் தங்களைப் பின்தொடர்ந்த லட்சம் பேருக்கு "இனி இங்கே வாங்க" என்று சொல்ல ஒரு முகவரி இல்லாமல் நின்றார்கள்.

இதற்கு நேரெதிரே நூலகம் டாட் ஆர்க்கைப் பாருங்கள். 2005இல் ஈழத்துத் தன்னார்வலர்கள் தொடங்கிய மின்னூலகம். தமிழ் நூல்களை மின்வடிவில் தரும் மதுரைத் திட்டம் 1998 பொங்கலில் தொடங்கி, இடம் மாறிய பிறகும் தன் சொந்தப் பெயரில் இன்றும் நிற்கிறது. இந்த இடங்களில் சர்வர் மாறியிருக்கும், மென்பொருள் மாறியிருக்கும், பொறுப்பாளர்களும் மாறியிருப்பார்கள். ஓர் ஆய்வு மாணவி பழைய அடிக்குறிப்பில் கண்ட பெயரைத் தொட்டால் வழி திறக்கிறது.

தொழிலுக்குத் திரும்புவோம். கொட்டேஷன், பர்ச்சேஸ் ஆர்டர், இன்வாய்ஸ் மூன்றும் மெயிலில் போகின்றன. "எங்கள் வங்கிக் கணக்கு மாறிவிட்டது, இனி இந்தக் கணக்கில் போடுங்கள்" என்று வரும் போலி மெயில்தான் இன்று சிறு ஏற்றுமதியாளர்களைப் பிடித்தாட்டும் மோசடி. உங்கள் கம்பெனி ஜிமெயிலில் இருந்தால், ஒரு எண்ணைக் கூட்டியோ ஓர் எழுத்தை மாற்றியோ அதே மாதிரி இன்னொரு ஜிமெயில் கணக்கை யாரும் ஐந்து நிமிடத்தில் திறந்துவிடலாம். ஜெர்மனியில் இருக்கும் வாடிக்கையாளருக்கு இரண்டையும் பிரித்தறிய ஒரு பிடிமானமும் இல்லை. சொந்த டொமைனில் மெயில் இருந்தால், இந்தப் பெயரில் மெயில் அனுப்பும் உரிமை எந்தெந்த சர்வருக்கு உண்டு என்பதை நீங்களே பதிந்து வைக்கலாம், மற்றவை வந்தால் தள்ளிவிடு என்றும் சொல்லி வைக்கலாம். ஒத்த ஒலியுள்ள வேறு டொமைனை வாங்கி ஏமாற்றுகிறவர்கள் உண்டு, அதை இது முழுக்கத் தடுக்காது. ஆனால் அப்படி வாங்கியவர்மேல் புகார் செய்யத் தகராறுத் தீர்வு முறை இருக்கிறது. டாட் காமுக்கு 1999 முதலும் டாட் இன்னுக்கு 2005 முதலும் அது நடைமுறையில் உள்ளது. இலவச மெயில் கணக்குக்கு அப்படி ஒரு வாசலே இல்லை.

ரிசர்வ் வங்கி எடுத்த முடிவை இங்கே நினைக்க வேண்டும். இந்தியாவில் உள்ள வங்கிகள் எல்லாம் தங்கள் இணையதளங்களை பேங்க் டாட் இன் என்று முடியும் பெயர்களுக்கு மாற்ற வேண்டும் என்று 2025இல் உத்தரவிட்டு, அக்டோபர் 31ஐக் கெடுவாக வைத்தது. பதிவுப் பொறுப்பை ஹைதராபாத்தில் உள்ள வங்கித் தொழில்நுட்ப நிறுவனமான ஐடிஆர்பிடி ஏற்றது. போலி வங்கித் தளங்களிலிருந்து மக்களைக் காக்கவே இந்த ஏற்பாடு. நாட்டின் மைய வங்கி நம்பகத்தன்மையைக் கட்ட டொமைன் பெயரின் கடைசிச் சொல்லைத் தேர்ந்தெடுத்த காலத்தில் இருந்துகொண்டு, பெயரின் காலம் முடிந்தது என்று எப்படிச் சொல்வது?

இனி அவர்கள் வாதங்களில் மிகக் கனமானது. "டொமைனும் சொந்தம் இல்லையே சார், வருஷா வருஷம் கட்டணும், கட்டலைன்னா போயிடும். அதுவும் வாடகைதானே?" உண்மை. டொமைன் குத்தகைதான். புதுச்சேரி அரசின் தொழில் வளர்ச்சிக் கழகமான பிப்டிக்கின் தொழிற்பேட்டையில் உங்கள் தொழிற்சாலை நிற்கும் மனையும் நீண்ட காலக் குத்தகைதான். அதற்காக யாரும் அதைச் சொத்தில்லை என்று எழுதித் தள்ளவில்லை. அதன்மேல் கடன் வாங்குகிறார்கள், மகனுக்கு விட்டுச் செல்கிறார்கள். குத்தகைக்கு நிபந்தனைகள் தெரியும், கெடு தெரியும், மீறினால் கேட்க இடம் தெரியும். பக்கம் என்பது பெரிய வீட்டுக்காரர் திண்ணையில் இருக்க விட்டது. டொமைனில் பதிவாளர் கம்பெனி பிடிக்கவில்லை என்றால் இன்னொரு பதிவாளருக்கு மாற்றிக்கொள்ளலாம், பெயர் அப்படியே கூட வரும்.

கட்ட மறப்பது பெரிய ஆபத்துதான், அது பெரிய கம்பெனிகளையும் விடவில்லை. 1999 கிறிஸ்துமஸ் சமயத்தில் மைக்ரோசாஃப்ட் தன் பாஸ்போர்ட் டாட் காம் பெயருக்குக் கட்டணம் கட்ட மறந்தது. ஹாட்மெயில் பயனாளர்கள் பலர் உள்ளே நுழைய முடியவில்லை. மைக்கேல் சேனி என்ற புரோகிராமர் தன் கையிலிருந்து 35 டாலர் கட்டிச் சரிசெய்தார். டாட் காமில் கெடு தாண்டினாலும் உடனே பெயர் போய்விடாது. சில வாரம் சாதாரணக் கட்டணத்தில் புதுப்பிக்கலாம். பிறகு 30 நாள் மீட்புக் காலம், அப்போது கூடுதலாகக் கேட்பார்கள். அதுவும் கழிந்து 5 நாளில் பெயர் சந்தைக்கு வரும். அப்படி விழும் நல்ல பெயர்களுக்காகவே காத்திருக்கும் கூட்டம் உண்டு. நேற்றுவரை உங்கள் பெயராக இருந்த முகவரி இன்று சூதாட்டத் தளமாகத் திறக்கும்.

ஆனால் நான் பார்த்த வரையில் சிறுதொழில்கள் பெயரை இழப்பது மறதியால் மட்டும் அல்ல. வெப்சைட் செய்துகொடுத்த பையன் டொமைனைத் தன் மெயிலில், தன் பெயரில் பதிந்திருப்பான். கம்பெனி முதலாளி பணம் கொடுத்ததோடு சரி. மூன்று வருடம் கழித்து அந்தப் பையன் வேலை கிடைத்து பெங்களூரு போய்விடுவான், அல்லது பாக்கி விஷயத்தில் மனக்கசப்பு வரும். ரினியூவல் அறிவிப்பு அவன் மெயிலுக்குப் போகும். லாகின் யாரிடமும் இருக்காது. அப்போது முதலாளி சொல்வார்: "டொமைன்னாலே தொல்லை." தொல்லை டொமைனில் இல்லை. மனைப் பத்திரத்தைக் கொத்தனார் பெயரில் எழுதிக்கொடுக்க மாட்டோம், இதை மட்டும் கொடுத்துவிடுகிறோம். பதிவில் உரிமையாளர் என்று யார் பெயர் இருக்கிறது, எந்த மெயிலுக்கு அறிவிப்பு வரும், என்றைக்குக் கெடு என்ற மூன்றையும் இன்றே கேட்டுத் தெரிந்துகொள்ளுங்கள். அந்த மெயில் அதே டொமைனில் இருக்கவும் கூடாது. டொமைன் விழுந்தால் எச்சரிக்கையும் சேர்ந்து விழும்.

தமிழில் பெயர் வைப்பது பற்றியும் ஒரு வார்த்தை. டாட் இந்தியா, டாட் இலங்கை, டாட் சிங்கப்பூர் மூன்றும் தமிழ் எழுத்திலேயே அதிகாரபூர்வமான இணையக் குறியீடுகள். பிற மொழி எழுத்தில் டொமைன் என்ற யோசனைக்கே 1990களின் பிற்பகுதியில் சிங்கப்பூர் தேசியப் பல்கலைக்கழகத்தில் டான் டின் வீ குழு செய்த சோதனைகள் முக்கியத் தொடக்கம். மெயில் அனுப்பத் தமிழ்ப் பெயர் இன்னும் எல்லா இடத்திலும் ஒழுங்காக வேலை செய்வதில்லை. ஆகவே ஏற்றுமதி செய்கிறவரை இதற்கு மாறச் சொல்ல மாட்டேன். ஆனால் தமிழ்ச் சங்கங்களும் பள்ளிகளும் பதிப்பகங்களும் இதை எடுக்காமல் இருப்பதற்கு ஒரு நியாயமும் எனக்குத் தெரியவில்லை.

"வெப்சைட் கட்டவும் பராமரிக்கவும் எங்ககிட்ட ஆள் இல்ல" என்று கடைசியாக ஒரு காரணம் வரும். வெப்சைட் கட்டக்கூட வேண்டாம். பெயருக்கு ஆண்டுக்கு ஆயிரம் ரூபாய்க்கு முன்னே பின்னே ஆகும். பெயரை வாங்கிக் கம்பெனி பெயரிலேயே பதிந்து, மெயிலை அதில் வையுங்கள். பெயரைத் தொடுகிறவர் இப்போது இருக்கும் பேஸ்புக் பக்கத்துக்கோ வாட்ஸ்அப் கேட்லாக்குக்கோ போகும்படி திருப்பிவிடுங்கள். விசிட்டிங் கார்டிலும் கேட்லாக்கிலும் இன்வாய்ஸிலும் பெயரை மட்டும் அச்சடியுங்கள். நாளைக்கு அந்தப் பக்கம் மூடினால் வேறு இடத்துக்குத் திருப்புவது அரை மணி நேர வேலை, அச்சடித்ததில் ஓர் எழுத்தும் மாறாது.